150-க்குப் பதில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் போதுமா?

வணக்கம். உங்கள் இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய அமில வகை) பேட்டரிக்கு மாற்றாக 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியே போதும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு சரிதான்: ஈய அமில பேட்டரியின் 1,800 வாட்-மணியில் (12 வோல்ட் × 150) பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குறையும் என்பதால் கையில் நிற்பது ஏறத்தாழ 900; லித்தியத்தின் 1,280-இல் (12.8 வோல்ட் × 100) 80 விழுக்காட்டைத் தயங்காமல் எடுக்கலாம், அதாவது 1,024.

எனக்கு உறுத்துவது உங்கள் பழைய இன்வெர்ட்டர்தான். டியூபுலருக்கான மின்னேற்ற முறையில் சில இன்வெர்ட்டர்கள் 15 வோல்ட்டைத் தாண்டி மின்னேற்றும். நான்கு செல் கொண்ட இந்த லித்தியம் பேட்டரியின் உச்சவரம்போ 14.6 வோல்ட் என்பதால், உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். லித்தியத்துக்கான தெரிவு அதில் இல்லையெனில், இன்வெர்ட்டரையும் சேர்த்து விலை கேளுங்கள். மின்வெட்டு மாதத்துக்கு ஓரிரு முறைதான் என்றால், நான் மறுபடியும் டியூபுலரே வாங்குவேன்.