ஆக்சில் பூட் மாற்றியதாக பில், ஆறு வாரத்தில் ஜாயிண்ட் காலி: ஒர்க்‌ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கிறேன். சொந்தமாக ஒரு கார் வாங்கி டாக்ஸியாக நானே ஓட்டுகிறேன், அதுதான் வீட்டுக்கு வருமானம். கிருஷ்ணகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீசுக்கு விட்டபோது, இடது முன்சக்கரப் பக்கம் ஆக்சில் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே அடித்திருக்கிறது என்றார்கள். கையில் பணம் இல்லாததால், "இப்போதைக்குச் சின்ன செலவில் முடித்துக் கொடுங்கள்" என்றேன். பூட் கிட் 900, ஆக்சில் கழற்றி மாட்டும் கூலி 1,400 என்று 2,300 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். ஆறு வாரம் போவதற்குள், பென்னாகரத்தில் இருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். திரும்பக் கொண்டுபோனால், "ஜாயிண்ட் போய்விட்டது, ஆக்சிலையே மாற்ற 11,500 ஆகும், பூட்டுக்கு நாங்கள் கேரண்டி சொல்லவில்லையே" என்கிறார்கள். பில்லின் அடியிலும் "செய்த வேலைக்குப் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறது. தருமபுரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இது பிளந்து ஒட்டுகிற பூட், ஆக்சிலைக் கழற்றவே இல்லை" என்று வீடியோ அனுப்பினார். எட்டு நாளாக வண்டி அவர் பட்டறையில் நிற்கிறது. வழக்கு நிற்குமா? டாக்ஸி என்றால் நுகர்வோர் கிடையாது என்கிறார்களே? போலீசில் சீட்டிங் கேஸ் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்கு போன் போட்டு, நீங்கள் சொல்லும் வரை அந்தச் சக்கரத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு. உங்கள் வழக்கு எந்தச் சட்டப் பிரிவையும்விட அதிகமாக அந்த ரப்பரையும் அதன் பக்கத்தில் இருக்கும் ஒரு நட்டையும்தான் நம்பி இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். ஆக்சில் நுனியில் இருக்கும் ஜாயிண்டுக்குள் எஃகு உருண்டைகள் கூண்டு போன்ற வளையத்தில் உட்கார்ந்து கிரீசில் ஓடுகின்றன. பூட் என்பது அந்த கிரீசை உள்ளே நிறுத்தி, மண்ணையும் தண்ணீரையும் வெளியே நிறுத்தும் ரப்பர் உறை. அது கிழிந்தால் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும், மண் உள்ளே போகும், உருண்டைகளும் அவை ஓடும் பள்ளங்களும் தேயும். வளைவில் கேட்கும் டக் டக் சத்தம் அந்தத் தேய்மானத்தின் சத்தம்தான். ஒழுங்காக பூட் மாற்றுவது என்றால் சக்கரத்தின் நடுவில் ஆக்சில் நுனியில் இருக்கும் நட்டைக் கழற்றி, ஆக்சிலை வெளியே இழுத்து, ஜாயிண்டைப் பிரித்து, பழைய கிரீசைக் கழுவி, உருண்டைகளில் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்து, புது கிரீஸ் அடைத்து, புது பூட்டை கிளிப் போட்டு இறுக்க வேண்டும். பிளந்து ஒட்டும் பூட்டுக்கு ஆக்சிலைக் கழற்றவோ ஜாயிண்டைப் பிரிக்கவோ வேண்டாம். ஆக்சில் இருந்த இடத்திலேயே சுற்றி வைத்து, பசை போட்டு ஒட்டிவிடலாம்.

இப்போது உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். "ஆக்சில் கழற்றி மாட்டும் கூலி 1,400." அவர்களே எழுதிக் கொடுத்த வரி அது. கழற்றாத ஆக்சிலுக்கு வாங்கிய கூலி அது என்று காட்டிவிட்டால், மீதி வாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

அதைக் காட்டுவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்த நட்டு. பல கார்களில் இந்த நட்டை இறுக்கியபின், அதன் மேல் விளிம்பை உளியால் தட்டி ஆக்சில் நுனியில் உள்ள பள்ளத்துக்குள் மடக்கி வைப்பார்கள். கழற்றினால் அந்த மடிப்பு நிமிர வேண்டும், முறைப்படி புது நட்டும் போட வேண்டும். உங்கள் வண்டியில் பழைய மடிப்பு அப்படியே, துரு கலையாமல் இருந்தால், அது ஒரு சாட்சி. வீல் கவரை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், நம்பர் பிளேட்டில் தொடங்கி நட்டு வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். ஒட்டு பிரிந்திருக்கும் இடத்தையும் அதே வீடியோவில் கொண்டுவாருங்கள். எடுத்த போனை அழிக்காமல், விற்காமல் வைத்திருங்கள். பின்னால் பாரதிய சாக்‌ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இணைத்துத் தாக்கல் செய்வோம்.

அடுத்து, ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் ஒரு தகவல் அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் ஜாயிண்டைத் திறக்கிறோம், உங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஐந்து நாள் அவகாசம் போதும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்புங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் "எங்களுக்குத் தெரியாமல் பிரித்துவிட்டார்கள்" என்று பிறகு சொல்ல முடியாது. திறக்கும்போது உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரை வைத்து அறிக்கை வாங்குங்கள். அந்தச் செலவையும் வழக்கில் கேட்கலாம். கழற்றிய ஜாயிண்ட், பூட், கிளிப் எல்லாவற்றையும் துடைக்காமல், கிரீசோடு ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர் உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சேவையில் குறைபாடு என்று நிரூபிக்கும் சுமை புகார் கொடுப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) "குறைபாடு" என்பதற்குள் இரண்டு விஷயங்களை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்கும் அலட்சியம் ஒன்று, தெரிந்த முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பது இன்னொன்று. உங்கள் விஷயம் எப்படி நடந்திருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும். நீங்கள் வண்டியை விட்ட அன்று ஜாயிண்ட் நன்றாக இருந்தது, இவர்கள் ஒட்டியது பிரிந்து அதனால் கெட்டது என்றால் அது அலட்சியம். ஆக்சில் செலவு முழுவதையும் கேட்கலாம். அன்றைக்கே ஜாயிண்ட் தேய்ந்திருந்தது, பார்த்தும் சொல்லவில்லை என்றால் அது மறைப்பு. ஆனால் அப்போது 11,500 ரூபாயும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். எப்படியும் நீங்கள் செய்திருக்க வேண்டிய செலவுதானே என்று நுகர்வோர் ஆணையம் கேட்கும். வாங்கிய 2,300, ஓட்டம் நின்ற நஷ்டம், மன உளைச்சல், வழக்குச் செலவு என்று கோரிக்கை சுருங்கும். அதனால் இதற்கு மட்டும் உண்மையாகப் பதில் யோசித்து வையுங்கள்: முதல் தடவை விடுவதற்கு முன்பே அந்தச் சத்தம் லேசாகவாவது கேட்டதா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. "சின்ன செலவில் முடித்துக் கொடுங்கள்" என்று நீங்களே சொன்னது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். "முழு வேலை செய்யச் சொன்னோம், இவர்தான் வேண்டாம் என்றார்" என்பார். அதை மறைக்காதீர்கள், புகாரிலேயே எழுதுங்கள். குறைந்த செலவில் செய்யச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. அந்தச் செலவில் என்ன வேலை கிடைக்கும், என்ன கிடைக்காது என்று சொல்வது தொழில் தெரிந்தவரின் கடமை. ஒட்டுகிற பூட் தற்காலிக வேலைதான் என்று சொல்லி, ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது என்ன வேலை என்று எழுதும் சீட்டு) எழுதி உங்கள் கையெழுத்து வாங்கியிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். அப்படி எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? ஜாப் கார்டு நகலை இன்றைக்கே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். உங்கள் சம்மதத்தோடுதான் ஒட்டினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், கழற்றி மாட்டும் கூலி எதற்கு வாங்கினார்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. ஒரு தரத்தைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பது பிரிவு 2(47)-ல் வரும் நேர்மையற்ற வணிக நடைமுறை.

டாக்ஸி பற்றிப் பயப்பட வேண்டாம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவது "வணிக நோக்கம்" ஆகாது என்று பிரிவு 2(7)-ன் விளக்கமே சொல்கிறது. 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று உதாரணம் காட்டியே விளக்கியது. நான்கு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டினால் கதை வேறு. உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே "வண்டியை நானே ஓட்டுகிறேன், இதுவே என் வாழ்வாதாரம்" என்று எழுதி, டிரைவிங் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் இணையுங்கள். அந்த வரி இல்லாமல் போன புகார்கள் வாசலிலேயே அடிபட்டதைப் பார்த்திருக்கிறேன்.

"பொறுப்பல்ல" என்று அச்சடித்தது பணம் கட்டியபின் கையில் கொடுத்த பில்லில். நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை ஆகாது. அப்படி ஒரு வரியைப் போட்டு அலட்சியத்துக்குத் தப்பிக்கவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: இதை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று புகாரில் தலைப்புப் போட்டு எழுதாதீர்கள். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், இதற்காக நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டாம்.

போலீஸ் புகார் வேண்டாம் என்பது என் கருத்து. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும், ஸ்டேஷனில் சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள், உங்கள் நாட்கள்தான் போகும்.

ஒர்க்‌ஷாப் கிருஷ்ணகிரியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் தருமபுரி மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் பிரிவு 34 அந்த வசதியைக் கொடுக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் நீங்களே நடத்தலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் பதிவு செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் மேலும் 15 நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள். சில சமயம் அங்கேயே சமரசம் ஆகிவிடும்.

பணக் கணக்கு. ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று எழுதச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள், கேட்காதீர்கள். ஓட்டம் நின்ற நாட்களுக்கு, அதற்கு முந்தைய இரண்டு மாத டிரிப் ஷீட், யு.பி.ஐ. வரவு, டீசல் பில் வைத்து ஒரு நாள் சராசரி போடுங்கள். இன்னொன்று, வழக்கு முடியும் வரை வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சட்டம் கேட்கும். திறந்து, வீடியோவும் சர்வேயர் அறிக்கையும் கைக்கு வந்த அன்றே வேறு இடத்தில் சரிசெய்து, ஜி.எஸ்.டி. பில் வாங்கிக்கொண்டு ஓட்டத் தொடங்குங்கள். அதுவரை அந்த வண்டியில் யாரையும் ஏற்றி மலைப்பாதையில் இறங்க வேண்டாம். தேய்ந்த ஜாயிண்ட் முற்றிலும் விட்டுப்போனால், அந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் இழுவை போகாது, வண்டி வழியிலேயே ஓட முடியாமல் போகலாம்.

ஜாப் கார்டு நகல் கிடைத்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். நோட்டீஸ் வாசகத்தை அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.