வைக்கிங் கப்பல்ல வந்த 'டேக்'

கேள்வி: மாத்திரை போடறதுக்கும் 'டேக்', போட்டோவுக்கும் 'டேக்', பஸ்ல போறதுக்கும் 'டேக்', நேரம் ஆகறதுக்கும் அதான். டிக்‌ஷனரியத் திறந்தா பக்கம் பக்கமா போகுது. இத்தனையையும் எப்படி சார் மனப்பாடம் பண்றது?

பதில்: மனப்பாடமே பண்ணாதீங்க. எனக்கு ரொம்ப இஷ்டமான வார்த்தை இது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல, இது இங்கிலீஷோட சொந்த வார்த்தையே கிடையாது. பழைய இங்கிலீஷ்ல எடுக்கறதுக்கு 'நிமன்'னு ஒரு சொல் இருந்துச்சு, ஜெர்மன்காரங்க இன்னிக்கும் 'நேமன்'னு சொல்றாங்களே, ரெண்டும் அக்கா தங்கச்சி. 793-ல இங்கிலாந்துக்குப் பக்கத்துல இருக்கிற லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்த, டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் வந்து சூறையாடினாங்க, ஆனா அடுத்தடுத்து வந்தவங்க எல்லாரும் கொள்ளையோட திரும்பிப் போயிடல, இங்கிலாந்தோட வடக்கயும் கிழக்கயும் நெலத்தப் புடிச்சு, அங்கயே பொண்ணு கட்டி, குடும்பம் குட்டின்னு ஆகி, 1016-ல க்னூட்ங்கிற டேனிஷ்காரர் இங்கிலாந்துக்கே ராஜாவும் ஆயிட்டாரு. அவங்க பேசின நார்ஸ் மொழியோட 'டாகா'தான் இந்த 'டேக்'. 'எக்', 'ஸ்கை', 'நைஃப்', அவங்கன்னு சொல்ற 'தே' எல்லாமே அந்த வழில வந்ததுதான். ஒரு சாமானோட பேரக் கடன் வாங்கறது எந்த மொழியிலயும் நடக்கும், ஆனா 'அவங்க', 'எடு' மாதிரி சொல்லெல்லாம் மாறணும்னா ரெண்டு கூட்டமும் ஒரே அடுப்படில பேசிப் பழகியிருக்கணும்.

'நிமன்' முழுசா சாகல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்துட்டு எந்திரிச்சா கால் மரத்துப்போய், தொட்டாக்கூட நம்ம கால் மாதிரியே இருக்காதுல்ல, அதுக்கு இங்கிலீஷ்ல 'நம்'னு சொல்றோமே, அது 'நிமன்' பெத்த புள்ள. உணர்ச்சிய யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். எழுதும்போது கடைசில வர்ற 'பி' பிற்காலத்துல ஒட்டிக்கிட்டது, அதான் அதுக்குச் சத்தமே இல்ல. சுறுசுறுப்பா இருக்கறத 'நிம்பிள்'ங்கறாங்களே, அதுவும் இதே குடும்பம்தான், சட்டுனு எடுக்கிற கைன்னு வெச்சுக்கோங்க.

இப்ப உங்க கேள்வி. 'டேக்'கோட உறவுக்காரச் சொல் ஒண்ணு, கோதிக்ங்கிற பழைய ஜெர்மானிய மொழில 'தொடு'ங்கிற அர்த்தத்துல இருந்துச்சு. தொடறது, பிடிக்கறது, தன் பக்கம் இழுத்துக்கறது, இந்த ஒரு கை அசைவு மனசுல நின்னாப் போதும். நம்ம 'பிடி'யப் பாருங்க. பஸ்ஸப் பிடிச்சேன், படம் பிடிச்சேன், போக ரெண்டு மணி நேரம் பிடிக்கும், சளி பிடிச்சிருக்கு, எனக்கு அவளப் பிடிக்கும். இத யாரும் உங்களுக்குப் பட்டியல் போட்டுக் குடுக்கல, ஆனா ஒரு நாளும் தடுமாறினதில்ல. நீங்க கேட்டதுல பாதிக்கு மேல இந்த 'பிடி'லயே அடங்கிடுச்சு. மாத்திரைய மட்டும் நாம போடறோம், இங்கிலீஷ்காரங்க எடுத்துக்கறாங்க.

கேள்வி: இங்கிலீஷ்ல அதிக அர்த்தம் இருக்கிற வினைச்சொல் 'டேக்' தானா?

பதில்: இல்ல. ஆக்ஸ்ஃபோர்ட் பேரகராதியோட 1989 பதிப்புல 'செட்' முன்னாடி நின்னுச்சு, வினையா மட்டும் 430 அர்த்தம். அப்புறம் 'ரன்'னைத் திருத்தி எழுதினப்போ அது 645-க்குப் போயிடுச்சு. அந்த ஒரு சொல்லுக்காக பீட்டர் கில்லிவர்ங்கிற அகராதிக்காரர் 9 மாசம் உக்காந்தாரு.

கேள்வி: 'டேக்'குக்குப் பின்னாடி 'ஆஃப்', 'ஆஃப்டர்', 'இன்' எல்லாம் சேர்ந்தா குழம்பிடுதே?

பதில்: அங்கதான் பாதிப் பேர் பயந்துடறாங்க. அந்தக் குட்டி வார்த்தை திசைதான் காட்டுது, கை எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. 'ஆஃப்'னா விலகறது, சட்டையக் கழட்டினாலும் விமானம் தரைய விட்டுக் கிளம்பினாலும் அதான். 'டேக் ஆஃப்டர்'க்கு மட்டும் வார்த்தைக்கு வார்த்தை போகாதீங்க, அப்பாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கான்னு சொல்லுவோம்ல, அது. 'இன்'னா உள்ள இழுக்கறது, வீட்டுக்குள்ள சேத்துக்கறதும், சொன்னத மனசுல வாங்கிக்கறதும், ஒருத்தர் வலைல போய் விழறதும் அதுல வரும். லூசா இருக்கிற ப்ளவுஸ டெய்லர்கிட்ட குடுத்து சைடுல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கன்னு சொல்றோம் பாருங்க, அதுக்கும் இங்கிலீஷ்ல 'டேக் இன்'தான்.