மேரி கியூரியின் பிறந்தவீட்டுப் பெயர்

வணக்கம் சார்,

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. பொலோனியம் பற்றி நீங்கள் எழுதியதைப் பதினோராம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மேரி கியூரியின் அப்பாவை ‘ஸ்க்லோடோவ்ஸ்கி’ என்றும், மேரியை ‘ஸ்க்லோடோவ்ஸ்கா’ என்றும் எழுதியிருந்தீர்கள். “டீச்சர், இதில் எது அச்சுப்பிழை?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இணையத்தில் தேடினேன். ஒரு தளம் இந்தப் பெயர் ‘இனிப்பு’ என்ற போலிஷ் சொல்லிலிருந்து வந்தது என்கிறது. இன்னொன்று, இது மிக அரிதான பெயர், ஆகவே பிரபு வம்சம் என்று சொல்லி, குலச்சின்னம் போட்ட காபிக் கோப்பையை விற்கிறது. உண்மையில் இதற்கு என்ன அர்த்தம்? போலந்தில் இந்தப் பெயர் எவ்வளவு அரிது? தமிழில் எப்படி எழுதுவது சரி?

அன்புடன்,
கி., விருதுநகர்

அன்புள்ள கி. அவர்களுக்கு,

உங்கள் மாணவியிடம் முதலில் சொல்லிவிடுங்கள், இரண்டுமே சரி. ‘ஸ்கி’ என்று முடியும் போலிஷ் குடும்பப்பெயர்கள் இலக்கணப்படி பெயரடைகள். அந்த மொழியில் பெயரடைக்கு ஆண்பால், பெண்பால் வடிவங்கள் தனித்தனி. நாம் மதுரைக்காரர், மதுரைக்காரி என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். அப்பா வ்லாடிஸ்லாவ் ஸ்க்லோடோவ்ஸ்கி, அம்மா ப்ரோனிஸ்லாவா ஸ்க்லோடோவ்ஸ்கா. மரியாவும் (மேரியின் போலிஷ் பெயர் அதுதான்) அவருடைய மூன்று அக்காக்களும் ஸ்க்லோடோவ்ஸ்கா, அண்ணன் யூஸெஃப் மட்டும் ஸ்க்லோடோவ்ஸ்கி. காந்தி ‘உமாதேவி’ என்று பெயர் வைத்த போலந்துப் பெண்மணி ஒருவர் சென்னையில் வாழ்ந்தார், குறளின் ஒரு பகுதியைப் போலிஷில் கொண்டுவந்தார். அவர் பெயர் வாண்டா டினோவ்ஸ்கா. அவர் அப்பா டினோவ்ஸ்கி.

எல்லாப் பெயரும் இப்படி மாறுவதில்லை. போலந்தில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப்பெயர் நோவாக். அது பெயர்ச்சொல், ஆகவே ஆணும் நோவாக், பெண்ணும் நோவாக். முன்பு மனைவியை நோவாகோவா என்றும், கல்யாணம் ஆகாத மகளை நோவாகுவ்னா என்றும் சொன்னார்கள். ஒரு பெண்ணின் கையெழுத்தைப் பார்த்தே அவள் யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. இப்போது அந்த வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. நல்லதுதான்.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். அந்தத் தளத்துக்காரர் என்ன செய்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. போலிஷில் ‘ஸ்லோட்கி’ என்றால் இனிப்பு. காதுக்கு ஒன்றுபோல இருந்தது, ஒட்டிவிட்டார். நடுவில் இருக்கும் ‘க்’ எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. குடும்பப்பெயர் ஆராய்ச்சியில் இந்த மாதிரி காது ஒற்றுமைதான் பெரிய தொல்லை. ‘ஸ்கி’ பெயர்களில் ஒரு பெரும் பகுதி ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை, அவற்றிடம் அகராதி அர்த்தம் கேட்டுப் பயனில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தப் பெயருக்கான ஊர் இன்றும் இருக்கிறது. வார்சாவிலிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஒஸ்த்ருஃப் மஸோவியெட்ஸ்கா மாவட்டத்தில், ஸ்க்லோடி என்ற பெயரில் அடுத்தடுத்துச் சில சிற்றூர்கள். ஒன்று ஸ்க்லோடி பியோத்ரோவிட்சே, அதாவது பியோத்ர் என்பவரின் வழியினருடையது. இன்னொன்று ஸ்க்லோடி ஸ்டாஹி, ஸ்டானிஸ்லாவின் சுருக்கமான ஸ்டாஹ் என்ற பெயரிலிருந்து. மூன்றாவது ஸ்க்லோடி ஷ்ரெத்னியே, நடு ஸ்க்லோடி. மரியாவின் அப்பாவழி முன்னோர் இந்தப் பியோத்ரோவிட்சேக்காரர்கள். ஆகவே ஸ்க்லோடோவ்ஸ்கி என்றால் ஸ்க்லோடிக்காரர். பெயரின் அர்த்தம் அவ்வளவுதான்.

ஊர்ப்பெயர் குடும்பப்பெயர் ஆன விதமும் தெரிந்ததே. பழைய ஆவணங்களில் ‘தார்னோவைச் சேர்ந்த யான்’ என்பதுபோலத்தான் எழுதினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து அதுவே மெல்ல மெல்லச் சுருங்கி ‘யான் தார்னோவ்ஸ்கி’ ஆயிற்று. நிலம் வைத்திருந்தவர்களிடம் தொடங்கிய பழக்கம் அது. அதனால்தான் ‘ஸ்கி’ என்றாலே பிரபு என்ற எண்ணம் ஏற்பட்டது. உங்களுக்குக் கோப்பை விற்கப் பார்த்தவர் அந்த எண்ணத்தைத்தான் காசாக்குகிறார்.

அந்தக் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்க்லோடோவ்ஸ்கிகள் ‘ஷ்லாஹ்தா’ வகுப்பினர்தான், அதாவது பழைய போலந்தின் பிரபு வகுப்பு. அதில் பொய்யில்லை. ஆனால் பிரபு என்றதும் கோட்டை, குதிரை லாயம், வெள்ளித்தட்டு என்று மனதில் ஒரு படம் வந்தால் அதை அழித்துவிடுங்கள். மற்ற ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ பிரபு என்றால், அன்று ஒரே கூட்டு அரசாக இருந்த போலந்து-லித்துவேனியாவில் அந்த வகுப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். ஸ்க்லோடி இருக்கும் மஸோவியா பகுதியில் அதைவிட மிக அதிகம். முழு ஊரே பிரபுக்களாக இருக்கும், ஒவ்வொருவருக்கும் துண்டு நிலம்தான் இருக்கும், உழுவதும் அவர்களேதான். பக்கத்து ஊர்க் குடியானவனுக்கும் இவர்களுக்கும் உடையிலோ சாப்பாட்டிலோ பெரிய வித்தியாசம் இருக்காது, உரிமையில் மட்டும் இருக்கும். ‘தன் வேலிக்குள் நிற்கும் பிரபு மாகாண அதிகாரிக்குச் சமம்’ என்று போலிஷில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர்களிடம் வேலியைத் தவிர வேறு அதிகம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஒரே பெயரில் மூன்று நான்கு ஸ்க்லோடிகள் இருப்பதும் அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்துகொண்டே போனதன் அடையாளம்தான்.

ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட பிறகு ரஷ்ய ஆட்சி 1836இல் ஒரு சட்டம் போட்டது. பிரபு என்று சொல்லிக்கொள்பவர்கள் ஆவணம் காட்டி நிரூபிக்க வேண்டும். பெட்டி நிறையப் பத்திரம் வைத்திருந்த பெரிய குடும்பங்கள் நிரூபித்தன. சின்னக் குடும்பங்களில் பலரால் முடியவில்லை. ஸ்க்லோடோவ்ஸ்கிகள் படிப்பின் பக்கம் திரும்பினார்கள். தாத்தா யூஸெஃப் லூப்ளின் நகரப் பள்ளியில் ஆசிரியர், அப்பா வார்சாவில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். 1867இல் மரியா பிறந்தபோது அந்த வீட்டில் பிரபுத்தனம் என்று பெயரைத் தவிர எதுவும் மிச்சமில்லை. 1921ஆம் ஆண்டு அரசியல் சாசனம் அந்தப் பட்டங்களையே ஒழித்துவிட்டது.

குலச்சின்னம் இன்னொரு வேடிக்கை. இந்தக் குடும்பத்தின் சின்னம் ‘தோவென்கா’. நீலப் பின்னணியில் ஒரு லாடம், அதன்மேல் சிலுவை, நடுவில் தலைகீழாக ஓர் அம்பு. இங்கிலாந்தில் ஒரு சின்னம் ஒரு வம்சத்துக்கு உரியது. போலந்தில் அப்படியில்லை. ரத்த உறவே இல்லாத பல குடும்பங்கள் ஒரே சின்னத்தின் கீழ் இருக்கும், தோவென்காவும் அந்த மாதிரிப் பொதுச் சின்னம்தான். கோப்பையில் அதைப் போட்டுக் கொடுத்தால் அது எந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது என்று போலந்துக்காரருக்கே தெரியாது. தவிர, ‘ஸ்கி’ இருந்தால் பிரபு என்பதும் எப்போதோ காலாவதியான விதி. கோவால் என்றால் கொல்லர். அதிலிருந்து வந்த கோவால்ஸ்கிகள் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். குடியானவர்கள் நிறையப் பேர் ‘ஸ்கி’ சேர்த்துக்கொண்டார்கள். யூதர்களுக்கு நிலையான குடும்பப்பெயர் கட்டாயம் என்று ரஷ்யாவின் கீழிருந்த போலந்தில் 1821இல் ஆணை வந்தபோது, அவர்களிலும் பலர் தங்கள் ஊரோடு ‘ஸ்கி’ சேர்த்தார்கள்.

இப்போது அரிது என்ற பேச்சுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஊர் வழியாக வந்த பெயர் அரிதாக இருப்பதற்கும் வம்சப் பெருமைக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயரில் எத்தனை ஊர்கள் இருந்தன என்பதுதான் முக்கியம். டொம்ப்ரோவா என்றால் ஓக் மரத்தோப்பு. போலந்தில் ஓக் தோப்புக்குப் பஞ்சமில்லை, ஆகவே டொம்ப்ரோவா என்றும் டொம்ப்ருவ்கா என்றும் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் ஊர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே டொம்ப்ரோவ்ஸ்கிகள் கிளம்பினார்கள், ஒருவருக்கொருவர் சொந்தமும் இல்லை. இன்று ஆணும் பெண்ணுமாக எண்பதாயிரம் பேரை ஒட்டி இருக்கிறார்கள். ஸ்க்லோடியோ ஒரே ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கைந்து தெரு. அங்கிருந்து எவ்வளவு பேர் கிளம்பிவிட முடியும்? இரண்டு லட்சம் நோவாக்குகள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர் சுண்டைக்காய்தான்.

அப்புறம் மகள்கள் கணக்கு. வ்லாடிஸ்லாவுக்கு நான்கு மகள்கள், ஒரு மகன். மூத்த மகள் சோஃபியா சின்ன வயதிலேயே டைஃபஸ் காய்ச்சலில் இறந்தாள். அம்மாவின் பெயரே கொண்ட அடுத்த மகள் ப்ரோனிஸ்லாவா மணமாகி ட்லுஸ்கா ஆனார், ஹெலெனாவும் கணவர் பெயருக்குப் போனார். மரியாவின் மகள்கள் இருவரும் கியூரிகள். அந்த வீட்டிலிருந்து பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக அண்ணன் டாக்டர் யூஸெஃப் ஒருவர்தான் இருந்தார். சின்னக் கிராமத்துப் பெயர்கள் மெலிவது இப்படித்தான்.

ஆனாலும் ‘மிக அரிது’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போலந்தில் பதிவான குடும்பப்பெயர்கள் 4 லட்சத்துக்கும் மேல். அவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள் இருக்கும் பெயர்கள் ஏராளம், ஒருவர் மட்டுமே தாங்கும் பெயர்களும் உண்டு. அவை பெரிய வம்சங்களின் கடைசி வாரிசுகள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் பெயர், எழுத்தர் ஓர் எழுத்தைத் தவறவிட்டது, தரவு ஏற்றும்போது விரல் நழுவியது, இவையெல்லாம் அந்தப் பட்டியலில் தனிப் பெயர்களாக உட்கார்ந்திருக்கும். காஸிமியெஷ் ரிமுட் என்ற மொழியறிஞர் மக்கள் பதிவேட்டை வைத்து 1992 முதல் 1994 வரை பத்துத் தொகுதிகளாக ஒரு பெயர் அகராதி வெளியிட்டார். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எந்த மாகாணத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை இருக்கும். அன்றைக்கு 49 மாகாணங்கள். ஊர்ப்பெயர் வழி வந்த பெயர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் உதவும். எங்கே எண்ணிக்கை குவிந்திருக்கிறதோ, மூல ஊரை அங்கே தேடத் தொடங்கலாம்.

இப்போது போலந்து அரசே தன் திறந்த தரவுத் தளத்தில் ஆண்டுதோறும் குடும்பப்பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. கணினியில் ஆர்வமுள்ள மாணவிகள் இருந்தால் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு கோப்பு, பெண்களுக்கு ஒரு கோப்பு. நோவாக் இரண்டிலும் நோவாக்தான், கூட்டுவது சுலபம். நம் பெயரை ஒன்றில் ‘ஸ்கி’ என்றும் மற்றதில் ‘ஸ்கா’ என்றும் தேட வேண்டும். இதைச் செய்யாமல் பாதியை மட்டும் எண்ணி ‘அரிதான பெயர்’ என்று போடும் தளங்கள் நிறைய. அமெரிக்காவிலோ பிரான்சிலோ தேடினால் இன்னும் சிக்கல். அங்கே பெண்களும் ‘ஸ்கி’ ஆகிவிடுவார்கள், ‘எல்’ எழுத்தின் குறுக்கே இருக்கும் கோடும் காணாமல் போய்விடும்.

அந்தக் கோடு உச்சரிப்புக்கு முக்கியம். குறுக்குக் கோடு போட்ட ‘எல்’லை இன்றைய போலிஷில் ஆங்கில ‘டபிள்யூ’ போல ஒலிக்கிறார்கள். நம் பத்திரிகைகள் லெக் வலேசா என்று எழுதியவரை அங்கே லெஹ் வவென்சா என்பார்கள். அந்தக் கணக்கில் மேரியின் பெயர் ‘ஸ்க்வொடொஃப்ஸ்கா’ ஆகும். பிறகு நான் ஏன் ‘லோ’ என்று எழுதினேன்? மரியா வளர்ந்த காலத்தில் படித்தவர்கள் அந்த எழுத்தைத் தடித்த ஒரு லகரமாகத்தான் சொன்னார்கள். நாடக மேடையில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் அந்த ஒலிதான் மரியாதையான ஒலி. ஆகவே லகரம் பழைய உச்சரிப்பு, வகரம் புதிய உச்சரிப்பு. வகுப்பில் எதைச் சொன்னாலும் குறை சொல்ல மாட்டேன்.

பெயர்களின் வரிசையில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. 1944இல் லூப்ளினில் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர் ‘மரியா கியூரி-ஸ்க்லோடோவ்ஸ்கா’ என்று கணவர் பெயரை முன்னால் வைக்கிறது. தாத்தா வேலை பார்த்த ஊர், அவர்களை நான் திட்டப் போவதில்லை. ஆனால் மரியாவே என்ன எழுதினார் என்று பாருங்கள். யுரேனியம், தோரியம் கதிர்களைப் பற்றி 1898 ஏப்ரலில் பாரிஸ் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்ட அவருடைய கட்டுரையில் ‘மதாம் ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி’ என்றிருக்கிறது. 1903இல் அச்சான முனைவர் பட்ட ஆய்வேட்டின் அட்டையிலும் அதேதான். பிறந்தவீட்டுப் பெயர் முதலில், கணவர் பெயர் பின்னால். ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் ‘மேரி கியூரி’ என்ற பெயரில் ஆய்வு உதவித்தொகை கொடுத்து வந்தது, 2014இல் தொடங்கிய புதிய திட்டத்தில்தான் ஸ்க்லோடோவ்ஸ்காவைச் சேர்த்தது. தாமதம்தான், ஆனால் வரிசை சரி.

நீங்கள் வேதியியல் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அன்றைய பெல்ஜியக் காங்கோவின் ஷின்கோலொப்வே சுரங்கத்தில் கிடைத்த மஞ்சள் நிற யுரேனியக் கனிமம் ஒன்றுக்கு, ஆல்ஃபிரெட் ஷூப் என்ற பெல்ஜிய அறிஞர் 1924இல் ‘ஸ்க்லோடோவ்ஸ்கைட்’ என்று பெயரிட்டார். மக்னீசியம் உள்ள யுரேனைல் சிலிகேட் அது. கியூரி பெயரில் கியூரைட் என்று ஏற்கெனவே ஒரு கனிமம் இருந்தது, இதில் மரியாவுக்கு அவருடைய சொந்தப் பெயர் கிடைத்தது. மக்னீசியம் இருக்கும் இடத்தில் தாமிரம் வந்தால் அது குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட், பச்சை ஊசிகளாக இருக்கும். படம் தேடி வகுப்பில் காட்டுங்கள், கோப்பையைவிட நன்றாக இருக்கும்.