வாசகர் கேள்வி: இருண்ட ஹாலுக்கு வெள்ளை பெயிண்டா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1912-இல் கட்டிய வீடு. மரவேலையை மறைக்காமல் காட்டும் கிராஃப்ட்ஸ்மேன் பாணி. ஹாலில் தரையும் சுவர்ப் பலகையும் அடர்பழுப்பு ஓக். பகலிலேயே இருட்டு. பலகைக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஓக்கின் ரேகைதான் இந்தப் பாணிக்கு உயிர். பெயிண்ட் அதன் துளைகளில் இறங்கிவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பலகைக்கு மேலுள்ள சுவருக்கும் கூரைக்கும் மஞ்சள் சாயலுள்ள கிரீம் நிறம் அடியுங்கள். பளீர் வெள்ளை இந்த மரத்தோடு ஒட்டாது. ஒற்றைக் கூரை விளக்கை நம்பாமல், மைக்கா மூடியுள்ள மேசை விளக்குகள் மூன்றை மூலைக்கொன்றாக வையுங்கள். பல்பு 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் ஒளி. சுவரோரம் ஓரடி மரம் தெரிய வெளிர்நிறக் கம்பளம் விரிக்கலாம். அடியில் ரப்பர் வேண்டாம், பாலிஷில் கறை பிடிக்கும்.

தரையை இழைக்கும் யோசனை இருந்தால் முதலில் குனிந்து பாருங்கள். மேலேயே வரிசையாகச் சிறு ஆணித்தலைகள் தெரிகின்றனவா? கலிஃபோர்னியாவின் பழைய வீடுகளில் அப்படிப்பட்ட பலகை பெரும்பாலும் 5/16 அங்குலக் கனம்தான். மெஷின் போட்டால் ஆணிகள் வெளியே வந்துவிடும். பழைய பூச்சை லேசாகச் சொரசொரப்பாக்கி, சாட்டின் பாலியூரித்தேன் (மிதமாக மினுங்கும் தெளிவான மரப்பூச்சு) பூசினால் போதும். மெழுகு இருந்தால் அதை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் புதுப்பூச்சு உரிந்துவரும்.