குவளை மெழுகுவர்த்தி: எந்த மெழுகு, எந்தத் திரி?

(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: பாரபின் கட்டி வாங்கி உருக்கி, கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். ஆறியதும் மெழுகு சுருங்கி, டம்ளரை விட்டு மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: ஊற்றியதில் தவறில்லை, மெழுகின் வகையில்தான் தவறு. அச்சில் வார்த்துத் தனியே நிறுத்தும் மெழுகுவர்த்திக்கான பாரபின் ஏறத்தாழ 58 முதல் 63 டிகிரி செல்சியஸில் உருகும். ஆறும்போது நன்றாகச் சுருங்கினால்தான் அச்சிலிருந்து எளிதில் கழலும் என்பதால், அதைச் சுருங்கும்படியே தயாரிக்கிறார்கள். குவளைக்கு வேண்டியது நேர்மாறான குணம்: சுவரைப் பிடித்துக்கொள்ளும், 46 முதல் 54 டிகிரிக்குள் உருகும் மென்மையான மெழுகு. வாங்கும்போது "குவளைக்கானது" என்று குறிப்பிட்டிருக்கிறதா, உருகுநிலை என்ன என்று இரண்டையும் பாருங்கள்.

முதன்முறை செய்பவர்களுக்குக் குவளை வகை சோயா மெழுகையே பரிந்துரைக்கிறோம். நிதானமாக எரியும், சிந்தினாலும் சோப்பும் வெந்நீரும் போட்டால் போய்விடும். வாசனை தூக்கலாக வர வேண்டும், நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் குவளை வகை பாரபின், அல்லது பாரபினும் சோயாவும் கலந்தது. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைத் தனியாகக் குவளையில் ஊற்றினால் நடுவில் மட்டும் எரிந்து ஓரம் அப்படியே நிற்கும். மூன்று பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்தால் குவளைக்கு இணங்கி வரும்.

கேள்வி: 200 மில்லி கொள்ளும் குவளைக்கு மெழுகும் வாசனை எண்ணெயும் எவ்வளவு?

பதில்: எதுவரை ஊற்றப் போகிறீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றி அளந்து, அந்த மில்லி கணக்கை 0.9 ஆல் பெருக்குங்கள். 200 மில்லிக்கு 180 கிராம். இதில் எண்ணெயும் அடக்கம். மெழுகின் எடையில் 8 சதவீதம் எண்ணெய் என்றால் 180-ஐ 1.08 ஆல் வகுக்க வேண்டும்: மெழுகு சுமார் 167 கிராம், எண்ணெய் 13 கிராம். கரண்டிக் கணக்கு உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

சோயாவுக்கு 6 முதல் 10 சதவீதம் போதும். அதற்கு மேல் ஊற்றினால் வாசனை அதிகமாகாது. எண்ணெய் மேலே வியர்த்து நிற்கும், திரியையும் அடைத்துவிடும். மெழுகு 80 டிகிரியை ஒட்டி இருக்கும்போது எண்ணெயை விட்டு, முழுதாக இரண்டு நிமிடம் மெல்லக் கலக்குங்கள். பிறகு 60 டிகிரி அளவுக்கு இறங்கியதும் குவளையில் ஊற்றலாம். உணவுக்குச் சேர்க்கும் எசன்ஸ் வேண்டாம். அதிலுள்ள நீர் மெழுகோடு சேராமல் அடியில் தங்கி, எரியும்போது வெடித்துத் தெறிக்கும்.

கேள்வி: திரியைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, ஓரத்து மெழுகு எரியாமலே நிற்கிறது. சில நாளில் சுடரும் அணைந்துவிடுகிறது. மெழுகை மாற்றலாமா?

பதில்: மெழுகை விடுங்கள், திரி மெலிதாக இருக்கிறது. எரிவது திரி அல்ல. உருகிய மெழுகு திரியின் இழைகள் வழியே மேலேறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரி மெலிதானால் மேலேறும் மெழுகு குறைவு, சுடர் சிறிது, ஓரம் வரை சூடு எட்டாது. திரி தடித்தாலோ மேலேறும் மெழுகு முழுதும் எரியாமல் கரியாகும். இரண்டுக்கும் நடுவே உங்கள் குவளைக்கு ஓர் அளவு உண்டு. எண்ணெயின் அளவு மாறினால் அதுவும் மாறும். சாயம் சேர்த்தாலும் அப்படியே.

முதலில் குவளையின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். திரி விற்பவரின் பட்டியலில் அந்த விட்டத்துக்கும் உங்கள் மெழுகுக்கும் நேராக உள்ள எண்ணைப் பார்த்து, அதையும் ஒரு எண் கீழே, ஒரு எண் மேலே என மூன்றையும் வாங்குங்கள். ஒரு வகைத் திரியின் எண்ணை இன்னொரு வகையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அவரவர் எண் அவரவருக்கு. பாரபினுக்குச் சரியாக இருந்த திரி சோயாவுக்கு மெலிதாகப் போகும், ஒரு படி தடித்தது தேவைப்படும்.

மூன்று திரிகளையும் ஒரே மாதிரிக் குவளைகளில் வைத்து, ஒரே மெழுகை ஊற்றுங்கள். பாரபினை இரண்டு மூன்று நாளும், சோயாவை ஒன்றிரண்டு வாரமும் ஆற விட்ட பிறகே ஏற்ற வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். திரியை 5 மி.மீ. உயரத்துக்கு நறுக்கி ஏற்றுங்கள். 2.5 செ.மீ. விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு; 7.5 செ.மீ. குவளையில் மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரத்தை எட்டி, ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரை நின்றால் அந்தத் திரி சரி. முதல் எரிப்பில் ஓரத்தில் மெல்லிய விளிம்பு மிஞ்சினால் பதற வேண்டாம். குவளை பாதிக்கு மேல் இறங்கும்போது உள்ளே சூடு தேங்கி அது தானே உருகும். முதல் எரிப்பிலேயே அரை மணியில் ஓரம் தொடும் திரிதான் ஆபத்து, அடியை எட்டும்போது கண்ணாடி கொதிக்கும். ஆகவே அடிவரை எரித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

விட்டம் 10 செ.மீ.க்கு மேல் போனால் ஒற்றைத் திரியைத் தடிப்பாக்குவதை விட இரண்டு திரி நல்லது. சுவரிலிருந்து விட்டத்தின் கால் பங்கு தள்ளி ஒவ்வொன்றையும் வையுங்கள்.

கேள்வி: பருத்தி நூலை முறுக்கி நானே திரி செய்யக் கூடாதா?

பதில்: எரியும், ஆனால் நிலையாக எரியாது. முறுக்கிய நூல் நிமிர்ந்தே நிற்பதால் நுனியில் கரி சேரும். பின்னிய திரி எரிய எரிய வளைந்து, நுனியைச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோகும்; அங்கே காற்று பட்டு நுனி சாம்பலாகிவிடும். மெழுகு தோய்த்த, அடியில் உலோகத் தகடு பொருத்திய பின்னல் திரியையே வாங்குங்கள்.

கேள்வி: திரி நுனியில் காளான் போலக் கரி, கண்ணாடியில் புகை. மேலே வெள்ளைப் பூப்பும் வருகிறது.

பதில்: காளானுக்குக் காரணம் தடித்த திரி, நறுக்காத திரி, அளவுக்கு மீறிய எண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்று. ஒவ்வொரு முறையும் நறுக்கியும் வந்தால் ஒரு எண் இறங்குங்கள். நிறத்துக்காகக் கிரேயான் உருக்கிச் சேர்த்திருந்தால் நிறுத்திவிடுங்கள், அந்த நிறமி திரியை அடைக்கும். வெள்ளைப் பூப்பு சோயாவின் இயல்பு, எரிவதைக் கெடுக்காது.

கேள்வி: அடுப்பில் நேரடியாக உருக்கலாமா?

பதில்: வேண்டாம். மெழுகு தண்ணீரைப் போலக் கொதித்து எச்சரிக்காது. அளவு மீறினால் புகையும், சுமார் 200 டிகிரியை எட்டினால் ஆவி தீப்பற்றும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, வெப்பமானியோடு, பக்கத்திலேயே நின்று உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். மிஞ்சிய மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். வாய் குறுகிய குவளையும் விரிசல் விட்ட கண்ணாடியும் ஆகாது. ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்காதீர்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிடுங்கள்.