வளவுக்குள் வரும் பூனைகள்: கேள்வி பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து தெருப்பூனைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

திருநகர், கிளிநொச்சி: ஐயா, பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் ஆறேழு பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறா. சாப்பிடுவது அங்கே, வெளிக்குப் போவது எங்கள் பூமரப் பாத்தியில். சொன்னால் கோபிக்கிறா. இப்போது இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சே இல்லை.

தங்கச்சி, சாப்பாடு வைப்பது நல்ல காரியம்தான். ஆனால் வைப்பவர் அதோடு இன்னும் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: கருத்தடை, தடுப்பூசி, துப்புரவு. அவை இல்லாமல் சோறு மட்டும் போட்டால் பூனைகள் பெருகும், அயலோடு பகையும் பெருகும்.

அக்காவிடம் "பூனையை விரட்டுங்கோ" என்று போகாதீர்கள். "வளவு மூலையில் கொஞ்சம் ஆற்று மணல் போட்டுத் தாங்கோ, அங்கே இருந்து பழகட்டும்" என்று கேளுங்கள். பூனை இளகிய, காய்ந்த மண்ணைத்தான் தேடும். மூன்றடிக்கு மூன்றடி மணல் போதும். ஒவ்வொரு நாளும் அள்ளிப் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு மறுபடி உங்கள் பாத்திக்கே வரும். உங்கள் பக்கம் பாத்தியை ஈரமாக வைத்திருங்கள், செடிகளுக்கு நடுவே பொச்சுமட்டையை நெருக்கமாக அடுக்குங்கள். கிண்ட இடமில்லை என்றால் பூனை இருக்காது. பினாயில் ஊற்ற வேண்டாம். காலில் பட்டதைப் பூனை நக்கும், அது அதற்கு நஞ்சு.

சாப்பாட்டையும் நேரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட்டால் எறும்பும் வராது, எலியும் வராது, ஊர் நாயும் வராது.

வைரவபுளியங்குளம், வவுனியா: போன வருடம் ஒரு பெட்டைதான் வந்தது. இப்போது எண்ண முடியவில்லை. எப்படி இவ்வளவு கெதியாகப் பெருகுகிறது?

பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது கிழமை. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கவும் முடியும். "ஒருக்கால் குட்டி போடட்டும், பிறகு பார்ப்போம்" என்று பலர் சொல்கிறார்கள். அப்படி ஒருமுறை போட வேண்டிய தேவை எந்தப் பூனைக்கும் இல்லை. நாலு மாதம் ஆனதும் கருத்தடை செய்யலாம்.

பிடிப்பதுதான் பலருக்குச் சிக்கல். கூட்டைக் கொண்டுவந்து வைத்த அன்றே பிடிக்கப் பார்க்காதீர்கள். கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, சில நாள் கூட்டுக்குள்ளேயே சாப்பாடு வையுங்கள். முதலில் கழுத்தை மட்டும் நீட்டி மீனை இழுத்துக்கொண்டு ஓடும். பிறகு முன்னங்கால் உள்ளே வரும். வாலும் உள்ளே வந்து, நின்றே சாப்பிடத் தொடங்கியதும் கதவைச் சாத்தலாம். சாத்திய உடனே பழைய சாரத்தால் கூட்டை முழுக்க மூடிவிடுங்கள். இருட்டானதும் அடங்கும். வெறுங்கையால் தூக்க வேண்டாம், உரப்பையில் கட்ட வேண்டாம். சத்திரசிகிச்சைக்கு முன் எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று வைத்தியரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். பல நாடுகளில் அதுதான் கருத்தடை செய்த பூனைக்கு அடையாளம். மதிலில் இருக்கும்போதே தெரியும், இன்னொரு முறை பிடித்து வதைக்கத் தேவையில்லை.

கடுவன்களையும் விடாதீர்கள். இரவில் கத்திச் சண்டை பிடிப்பதும், கதவில் சலம் அடித்து நாற வைப்பதும் அதன் பிறகு நன்றாகக் குறையும். செலவை ஒரு வீடு தாங்காது என்றால் ஒழுங்கையில் உள்ள வீடுகள் சேர்ந்து போடலாம். பெட்டைகளை முதலில் முடியுங்கள்.

பரந்தன்: சாக்கில் கட்டி இரணைமடுப் பக்கம் காட்டில் விட்டால் என்ன?

விடவே வேண்டாம், தம்பி. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பூனை காட்டில் பட்டினி கிடக்கும், நாயிடம் அகப்படும், திரும்பி வரப் பார்த்து ஏ9 வீதியில் அடிபடும். தாயைப் பிரித்த குட்டிகள் இரண்டு மூன்று நாளும் தாங்காது. தப்பிப் பிழைப்பது காட்டுப் பறவைகளையும் ஓணான்களையும் தின்னும், காட்டுப்பூனைகளுக்கு நோயைக் கொடுக்கும். உங்களுக்கும் லாபமில்லை. மீன் கழிவும் எலியும் இருக்கிற வளவு காலியாகக் கிடக்காது, கருத்தடை செய்யாத வேறு பூனை வந்து சேரும். கருத்தடை செய்த பூனை அதே இடத்தில் இருந்தால் புதிதாக வருவதை ஓரளவு அதுவே தடுத்துக்கொள்ளும்.

நஞ்சு வைப்பது பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். அது குற்றம். 1907 ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் மிருக வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வளவில் விளையாடும் பிள்ளையும் அந்த நஞ்சைத் தொடலாம். எலிக்கு வைக்கும் நஞ்சையும் யோசித்து வையுங்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்று பூனை சாகும்.

முள்ளியவளை: என் மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. பூனை இருந்தால் பிள்ளைக்குக் கூடாது என்று மாமியார் துரத்தச் சொல்கிறா.

துரத்தத் தேவையில்லை அக்கா. பயம் டொக்சோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றியது. அது பூனையின் மலத்தில் வரும், ஆனால் மலம் கழித்து ஒரு நாளாவது போன பிறகுதான் தொற்றும். ஆகவே ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும், அதை மகள் செய்யக்கூடாது, வேறு ஆள் செய்ய வேண்டும். தோட்டத்தில் மண் கிண்டினால் கையுறை போடட்டும். சரியாக வேகாத இறைச்சியாலும் இது தொற்றும், அதனால் இறைச்சியை நன்றாக அவியுங்கள், கீரையை நன்றாகக் கழுவுங்கள். கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மாங்குளம்: தெருப்பூனை பிள்ளையின் கையைப் பிறாண்டிவிட்டது. சின்னக் கீறல்தான். பெருங்காயம் இல்லையே என்று இருக்கலாமா?

இருக்கக்கூடாது. விசர்நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்த பிறகு காப்பாற்ற மருந்தில்லை. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், தேசிக்காய் ஒன்றும் வேண்டாம். உடனே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஊசி தேவையா என்று அங்கே தீர்மானிப்பார்கள், காசு இல்லை. நாளை பார்ப்போம் என்று விடாதீர்கள். நீங்கள் சாப்பாடு வைக்கும் பூனை என்றால் அதற்கு வருடா வருடம் தடுப்பூசி போடுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டால் விபரம் சொல்வார்கள்.

புதுக்குடியிருப்பு: பூனைக்குக் காய்ச்சல், பனடோல் பாதி கொடுக்கலாமா?

கூடாது. பாதியும் கொல்லும்.

கனகபுரம்: பாலும் சோறும் வைக்கிறோம், ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது.

வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது, வயிற்றால் போகும். சோறு மட்டும் போதாது, பூனைக்கு மாமிசம் வேண்டும். சூடை, கீரி மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் உப்பும் வெங்காயமும் போடாமல் அவித்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். சோறு குறைவாகவும் மீன் கூடவும் இருக்கட்டும், கோழி ஈரலும் இடைக்கிடை சேர்க்கலாம். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தும் கொடுத்துப் பாருங்கள்.

மல்லாவி: அருவி வெட்டும்போது வயல் கரையில் புள்ளி போட்ட மூன்று குட்டிகள் கிடந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா? கோழிக்குஞ்சும் போகிறது, இதுகளின் தாய்தானோ?

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். எங்கள் பக்கத்தில் காட்டுப்பூனை, கொடுப்புலி என்கிற மீன்பிடிப் பூனை, அவற்றை விடச் சின்னதான செம்புள்ளிப் பூனை எல்லாம் இருக்கின்றன. செம்புள்ளிப் பூனை உலகிலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று. நீங்கள் பார்த்தது எதுவாக இருந்தாலும், தாய் பெரும்பாலும் இரை தேடப் போயிருக்கும். அந்தத் துண்டை மட்டும் கடைசியாக வெட்டச் சொல்லி மெஷின்காரரிடம் கேளுங்கள். ஆட்கள் விலகினால் இரவில் தாய் வந்து தூக்கிப் போகும். மறுநாளும் அங்கேயே கிடந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

குஞ்சைக் கொண்டுபோவது மரநாயாகவும் இருக்கலாம், கீரியாகவும் இருக்கலாம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். பொழுதுபடமுன் குஞ்சுகளைக் கூட்டில் அடையுங்கள், கீழே அரையடி ஆழத்துக்குக் கம்பி வலையைத் தாட்டுவிடுங்கள். கோழி வலை இழுத்தால் பிய்யும், கொஞ்சம் தடித்த வலையாகப் பார்த்து வாங்குங்கள்.