சீட்டில் ஆஸ்துமா, மில்லில் ராஜினாமாக் கடிதம்: எதில் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் 18 வருடமாக புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை பார்க்கிறார். சில வருடங்களாக நெஞ்சு இறுக்கம், இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருந்தகத்தில் ஆஸ்துமா என்று சொல்லி மாத்திரை தருகிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முன்பு பீடி பிடிப்பார், இப்போது விட்டுவிட்டார். 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, ஒரு தொகை தருகிறோம்' என்கிறது மில். இன்னொருவர் வீட்டுக்கே வந்து, 'நுரையீரல் கேஸ் போட்டு ஈ.எஸ்.ஐ.யில் மொத்தமாகப் பல லட்சம் வாங்கித் தருகிறேன், மூன்றில் ஒரு பங்கு எனக்கு' என்கிறார். என்ன செய்வது?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்தவரிடம் எந்தக் காகிதமும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் கணவருக்கு இருப்பது பிசினோசிஸ் என்ற பஞ்சுத் தூசி நோயாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நேரில் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் 18 வருடம் புளோரூம், கார்டிங் என்று கேட்ட பிறகு இதை நினைக்காத மருத்துவர் அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கும் புளோரூமும், சிக்கெடுக்கும் கார்டிங்கும்தான் மில்லிலேயே தூசி அதிகமான இடங்கள். பஞ்சோடு வரும் இலைத்தூள், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு, இவையெல்லாம் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கின்றன. நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதினார். நம் ஓ.பி. வரிசையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. கல் குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸ் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிசினோசிஸ் பெரும்பாலும் தெரியாது. இதைக் காட்டிக்கொடுப்பது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனை. அதையும் என்றைக்கு, எத்தனை மணிக்குச் செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள், ஷிப்ட் தொடங்கும் முன் ஒரு தடவை, ஷிப்ட் முடிந்ததும் ஒரு தடவை ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அது வலுவான சாட்சி. லீவு போட்டு வீட்டில் இருந்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய் ஊதினால் வேலையிடத்தின் பாதிப்பு அதில் தெரியாமலே போகலாம்.

புத்தகத்தில் இதைத் திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம் என்பார்கள். அதை மனப்பாடம் செய்த டாக்டர், 'திங்கட்கிழமை அதிகமாக இருக்கிறதா?' என்று கேட்பார். உங்கள் கணவர் 'இல்லை' என்பார், கதை முடிந்துவிடும். மில்லில் எல்லாருக்குமா ஞாயிறு லீவு? அவருக்குப் புதன்கிழமை லீவு என்றால் அவருடைய திங்கட்கிழமை வியாழன்தான். அதனால் கிழமையைச் சொல்லாமல் 'லீவு முடிந்து போகும் முதல் நாள்' என்று சொல்லச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அந்த ஒரு நாள் மட்டும் இறுக்கும், பிறகு வாரம் முழுக்க நீளும், வருடங்கள் போனால் எந்நேரமும் இருக்கும். முற்றிய நிலையில் முதல் நாள் வித்தியாசமே தெரியாது. அப்போது, 'பத்து வருஷம் முன்னாடி எப்படி இருந்தது' என்று கேட்டு எழுதுவதுதான் சரி.

அடுத்தது பீடி. நீங்கள் கேட்காமலே எழுதியிருப்பதால் உங்களுக்கு அதுதான் பயம் என்று தெரிகிறது. சீட்டில் 'புகைப்பவர்' என்று ஒரு வார்த்தை விழுந்ததும் 18 வருடப் பஞ்சுத் தூசி மறைந்துபோவதை நான் பார்த்துச் சலித்துவிட்டேன். பீடி நுரையீரலைக் கெடுக்கும், பஞ்சுத் தூசியின் பாதிப்பையும் கூட்டும். ஆனால் பீடி பிடித்தவருக்குத் தொழில் நோய் வராது என்று எந்தச் சட்டமும் எந்த மருத்துவமும் சொல்லவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் ஈ.எஸ்.ஐ. பலன்களுக்கான சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இருக்கிறது. அட்டவணையில் உள்ள வேலையை உரிய காலம் பார்த்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாத வரை அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். அதாவது பீடிதான் காரணம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆகவே பீடியை மறைக்காதீர்கள். எந்த வருடம் தொடங்கினார், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது விட்டார், எல்லாம் உண்மையாகச் சொல்லட்டும். மறைத்தது பிறகு தெரிந்தால், சொன்ன மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். பீடி விட்ட பிறகும் இருமல் குறையவில்லை, நீண்ட லீவில் குறைந்தது என்றால் அதையும் சொல்லட்டும், அது உங்கள் பக்கம் பேசும்.

சீட்டில் ஆஸ்துமா என்று இருந்தால் என்ன, மருந்து ஒன்றுதானே என்று தோன்றும். பணத்தில்தான் வித்தியாசம். சாதாரண நோய் விடுப்பில் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். வேலையால் வந்த நோய் என்று ஏற்கப்பட்டால் தற்காலிக இயலாமைக்கு 90 சதவீதம், இயலாமை நீடிக்கும் வரை. அது நிரந்தரமானால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு மாதாமாதம், ஆயுள் முழுக்க.

'மாதாமாதம்' என்பதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். வீட்டுக்கு வந்தவர் மொத்தமாகப் பல லட்சம் என்றார் இல்லையா? கணக்கில் வரும் தொகை மிகச் சிறியதாக இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. அதை மொத்தமாகத் தரும். பல லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இதில் கிடையாது. இந்தப் புரோக்கர்கள் செய்வது எனக்கு நன்றாகத் தெரியும். காப்பீட்டு அட்டை, ஆதார், பாஸ்புக் மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். தெரிந்த ஸ்கேன் சென்டரில் ஒரு எக்ஸ்ரே எடுத்து, 'சிலிகோசிஸ்' என்று அறிக்கை வாங்கி வருவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே தொழில் நோய் அதுதான். புளோரூம்காரருக்குச் சிலிகோசிஸ் என்று காகிதம் போனால் ஈ.எஸ்.ஐ.யின் மருத்துவ வாரியம் ஒரு நிமிடத்தில் தூக்கி எறியும். அதன் பிறகு உண்மையான பிசினோசிஸைச் சொன்னாலும் யார் நம்புவார்? பங்கு கேட்டு எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது. ஈ.எஸ்.ஐ. பலனை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் தொழிற்சங்கத்தில் கேளுங்கள், எந்தச் சங்கமானாலும் பரவாயில்லை.

மில் சொல்வதும் இதே மாதிரிதான், கொஞ்சம் மரியாதையான வடிவத்தில். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று தட்டச்சு செய்த தாளைத் தயாராக வைத்திருப்பார்கள். அதில் கையெழுத்து விழுந்தால் நாளைக்கு வாரியத்தின் முன் 'அவராகத்தானே போனார், அப்போது நோய் என்று சொல்லவில்லையே' என்பார்கள். அவர் நெஞ்சுக்கு அந்தப் பிரிவிலிருந்து வெளியே வருவது நல்லதுதான், சீக்கிரம் வந்தால் நுரையீரல் ஓரளவு மீளவும் செய்யும். அதற்கு மருத்துவச் சீட்டை இணைத்துத் தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றக் கேட்டு எழுத்தில் கொடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் நுண்தூசி நிற்காது.

சரி, இப்போது எங்கே போவது? முதலில் மருந்தகத்தில். 'பஞ்சாலை, புளோரூம் மற்றும் கார்டிங், 18 வருடம்' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம், கேளுங்கள். எழுதும் வரை நகராதீர்கள். அப்புறம், தொழில் நோய் சந்தேகம் என்று குறிப்பிட்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நெஞ்சு நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில் நோய்களுக்கென்றே மையம் இருக்கிறது. இது தொழில் நோயா என்பதை முடிவு செய்வது சிறப்பு மருத்துவ வாரியம். மருந்தகம் மாநில அரசுடையது, பணம் தருவது ஈ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகம். இரண்டும் ஒன்றை ஒன்று கைகாட்டும். கிளையில் 'விபத்து எந்தத் தேதி?' என்று கேட்பார்கள். பதினெட்டு வருடம் சுவாசித்த தூசிக்கு எந்தத் தேதியைச் சொல்வது! 'விபத்து இல்லை, தொழில் நோய்' என்று எழுதிக் கொடுங்கள்.

இந்த நோய் உள்ள ஆலைத் தொழிலாளிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம். செய்பவர்கள் குறைவு. உங்கள் மருத்துவரிடம் மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

வாரியம் மறுத்தால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். உத்தரவு தபாலில் வந்தால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். காலக்கெடு அது கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடும், தேதி முத்திரை அந்த உறையில்தான் இருக்கும்.